பெரிய பார் அல்ல, சரியான பார்: செயின் சா வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

புயல் ஓய்ந்த மறுநாள் ஊரிலிருந்து போன் வருகிறது. “தம்பி, கொல்லையில நாலு தென்னை சாஞ்சு கெடக்கு. வாசல்ல நின்ன வேம்பும் வீட்டு மேல சாஞ்சு நிக்குது. மரம் அறுக்குற ஆளு வர பத்து நாள் ஆகும்ங்குறாரு. நாமளே ஒரு மிஷின் வாங்கிட்டா என்னப்பா?”

தானே (2011), வர்தா (2016), கஜா (2018) என ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் இந்தப் பேச்சு நடந்திருக்கிறது. குறிப்பாக, 2018 நவம்பர் 16 அன்று கஜா கரையைக் கடந்தபோது தஞ்சாவூர், புதுக்கோட்டை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் தோப்பு தோப்பாகத் தென்னைகள் சாய்ந்தன. அருவாளும் கோடாரியும் வைத்து அள்ள முடிகிற வேலையா அது?

வெளியூரில் வேலையில் இருக்கும் பிள்ளை உடனே மொபைலில் தேடுகிறார். ‘58 சிசி, 22 இன்ச்’ என்று ஒரு மிஷின் கண்ணில் படுகிறது. பக்கத்திலேயே ‘16 இன்ச்’ ஒன்று. விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. ‘அப்புறம் என்ன, பெருசையே போட்டுடுவோம்’ என்று விரல் 22 இன்ச் பக்கம் போகிறது. டிவி வாங்க இந்தக் கணக்கு சரி. செயின் சா வாங்கத் தப்பு. ஏன் தப்பு, எது சரி என்று பார்ப்போம்.

‘பார்’ என்றால் என்ன?

செயின் சாவின் முன்னால் கத்தி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் தட்டையான இரும்புதான் பார். நிறையப் பேர் அதை ‘பிளேடு’ என்கிறார்கள். உண்மையில் அது எதையும் வெட்டுவதில்லை. அதன் விளிம்பில் உள்ள பள்ளத்தில் ஓடும் செயின்தான் வெட்டுகிறது. செயினுக்கு பார் ஒரு தண்டவாளம், அவ்வளவுதான்.

‘16 இன்ச் பார்’ என்றால், மிஷினின் உடம்பிலிருந்து வெளியே நீட்டியிருக்கும், வெட்டப் பயன்படும் நீளம் சுமார் 16 இன்ச் என்று பொருள். பாரைக் கழற்றி நுனி முதல் அடிவரை அளந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

இப்போது நாம் பார்க்கும் செயின் பல்லின் வடிவத்துக்குப் பின்னால் ஒரு புழு இருக்கிறது. 1946இல் ஜோசப் பஃபர்ட் காக்ஸ் என்ற அமெரிக்க மரம்வெட்டி, ஒரு வண்டின் புழு மரத்தை இடமும் வலமுமாகக் கடித்துத் தின்பதைக் கவனித்தார். அதே மாதிரி வளைந்த பற்களை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி வைத்து ஒரு செயினைச் செய்தார். இன்றைய செயின்கள் அந்த வழியில் வந்தவைதான்.

நீளம் கூடினால் சக்தி கூடுமா?

கூடாது. மிஷினின் சக்தி இன்ஜினில் இருக்கிறது. அதைத்தான் ‘சிசி’யும் கிலோவாட்டும் சொல்கின்றன. பாரின் நீளம் கூடினால் அந்த இன்ஜினுக்குச் சுமைதான் கூடும். நீளமான செயினை இழுக்க வேண்டும், உராய்வு அதிகம், ஆயிலும் அதிகம் தேவை. சின்ன இன்ஜினில் நீளமான பாரை மாட்டினால் மரத்துக்குள் போனதும் திணறும். நாம் இன்னும் அழுத்துவோம். மிஷின் சூடாகும், பார் தேயும், கை வலிக்கும்.

பொதுவாகப் பொருந்தும் கணக்கு இது:

• 30 முதல் 35 சிசி வரை: 12 முதல் 16 இன்ச் பார்
• 40 முதல் 45 சிசி வரை: 16 முதல் 18 இன்ச்
• 50 முதல் 60 சிசி வரை: 18 முதல் 20 இன்ச்
• அதற்கு மேல்: தொழிலாக மரம் அறுப்பவர்களுக்கானது

அந்த ‘58 சிசி, 22 இன்ச்’ மிஷின் ஓடாது என்றில்லை. மென்மையான மரத்தில் ஓடும். நம் ஊர் வைரம் பாய்ந்த மரத்தில் முழு பாரும் உள்ளே போகும்போதுதான் அதன் மூச்சு வாங்குவது தெரியும்.

செலவு இன்னொரு விஷயம். 18 இன்ச் பாருக்கான செயினில் பெரும்பாலும் 72 டிரைவ் லிங்க் இருக்கும். டிரைவ் லிங்க் என்பது பாரின் பள்ளத்துக்குள் ஓடும் கொக்கி. இரண்டு கொக்கிக்கு ஒரு வெட்டும் பல் என்ற கணக்கில் 36 பற்கள். 22 இன்ச் என்றால் 86 லிங்க், 43 பற்கள். கூர் மழுங்கும்போது இந்த ஏழு பற்களையும் சேர்த்துத்தான் அரம் போட வேண்டும்.

என் மரத்துக்கு எத்தனை இன்ச்?

மரத்தின் குறுக்களவைவிட 2 இன்ச் கூடுதலான பார் போதும். இதுதான் அடிப்படை விதி.

நம் ஊரில் மரத்தை அளப்பது சுற்றளவில்தான். கயிற்றைச் சுற்றி அளந்து, வந்த எண்ணை 3.14ஆல் வகுத்தால் குறுக்களவு. சுற்றளவு 44 இன்ச் என்றால் குறுக்களவு சுமார் 14 இன்ச். அதற்கு 16 இன்ச் பார் தாராளம்.

• சீமைக்கருவேலம், சவுக்கு, முருங்கை, கவாத்து செய்யும் கிளைகள்: 12 அல்லது 14 இன்ச்
• தென்னை: அடித்தூரை விட்டுவிட்டால் தண்டு பெரும்பாலும் ஓர் அடி குறுக்களவை ஒட்டியே இருக்கும். 16 இன்ச் போதும்
• நடுத்தர வேம்பு, பூவரசு, மா, வாகை: 16 அல்லது 18 இன்ச்
• வயதான புளி, ஆல், தூங்குமூஞ்சி: நீங்கள் எத்தனை இன்ச் வாங்கினாலும் இது உங்கள் வேலை இல்லை

‘எப்பவாவது ஒரு பெரிய கட்டை வந்தா?’ என்று கேட்கலாம். தரையில் அசையாமல் கிடக்கும் கட்டையை ஒரு பக்கம் அறுத்துவிட்டு, மறுபக்கம் போய் மீதியை அறுக்கலாம். அப்படிச் செய்தால் 16 இன்ச் பார் 28 இன்ச் கட்டையைக்கூடச் சமாளிக்கும். வருஷத்துக்கு ஒருமுறை வரும் கட்டைக்காக வருஷம் முழுக்க 22 இன்ச் பாரைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

தென்னையிலும் பனையிலும் ஒரு விசேஷம் உண்டு. வேம்பு, புளி போன்ற மரங்களுக்கு வைரம் நடுவில். தென்னைக்கும் பனைக்கும் வைரம் வெளியே, நடுவில் சோறு. செயின் முதலில் சந்திப்பதே மிகக் கடினமான பகுதியைத்தான். சாய்ந்த மரத்தில் மண்ணும் ஒட்டியிருந்தால் கூர் சீக்கிரம் போய்விடும். எனவே, தென்னைக்குத் தேவை நீளமான பார் அல்ல. கூரான செயினும், கையோடு ஓர் உபரி செயினும்.

நீளமான பாரில் என்ன ஆபத்து?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால், இதைப் படியுங்கள்.

முழு வேகத்தில் செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 72 கி.மீ. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 600 பற்கள் ஒரே இடத்தைக் கடந்து போகின்றன. தோலில் பட்டால் அது ஒரு கோடு வெட்டாது. சதையைச் சிதைத்துக்கொண்டு போகும்.

பார் வலப்பக்கம் நீட்டியிருப்பதாக வைத்துக்கொண்டு, அதன் முனையைக் கடிகாரமாக நினைத்துப் பாருங்கள். 12 மணியிலிருந்து 3 மணி வரையிலான பகுதிதான் எமன். அந்த இடம் ஒரு கட்டையிலோ, கிளையிலோ, கல்லிலோ பட்டால் பல் கடித்து மாட்டிக்கொள்ளும். செயினின் வேகம் போக வேறு இடமில்லாமல், மொத்த மிஷினையும் மேல்நோக்கி, உங்கள் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வீசும். இதைத்தான் ‘கிக்பேக்’ என்கிறார்கள். கண் இமைக்கும் நேரம்கூட ஆகாது. ‘சுதாரிச்சுக்கலாம்’ என்பது நடக்காத காரியம்.

8 இன்ச் கட்டையை 22 இன்ச் பாரால் அறுக்கும்போது 14 இன்ச் அந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனை எங்கே இருக்கிறது, எதில் படப்போகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. சாய்ந்த மரத்தின் கிளைக் குவியலுக்குள், சீமைக்கருவேலம் புதருக்குள் இதுதான் நடக்கிறது. மேலும், பார் நீள நீள முன்பாரம் கூடும். கை சோர்ந்தால் முனை தானாகத் தாழ்ந்து தரையில் முட்டும்.

தப்பிக்க நான்கு பழக்கங்கள் வேண்டும்:

• எப்போதும் இரண்டு கை. இடது கையின் கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றிக் கீழே இறுகப் பிடித்திருக்க வேண்டும்
• தோள் உயரத்துக்கு மேல் மிஷினைத் தூக்கக் கூடாது. ஏணியில் நின்று அறுக்கவே கூடாது
• முகமும் கழுத்தும் பாருக்கு நேராக இருக்கக் கூடாது. சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள்
• முன்கைப்பிடிக்கு முன்னால் இருக்கும் தடுப்புத்தான் செயின் பிரேக். தினமும் வேலைக்கு முன் அது செயினை உடனே நிறுத்துகிறதா என்று சோதியுங்கள். இரண்டடி நடந்தாலும் பிரேக்கைப் போட்டுவிட்டு நடங்கள்

ஸ்டார்ட் செய்வதிலும் ஒரு முறை உண்டு. மிஷினைத் தரையில் வைத்து, பிரேக் போட்டு, பின்கைப்பிடிக்குள் காலை வைத்து அழுத்திக்கொண்டு கயிற்றை இழுக்க வேண்டும். ஒரு கையில் தொங்கவிட்டு மறுகையால் இழுப்பது பார்க்க ஸ்டைலாக இருக்கும். ஆனால், ஸ்டார்ட் ஆன மிஷின் சுழன்று தொடையில் விழுந்தால் காப்பாற்ற ஒன்றுமில்லை.

பெட்ரோலா, பேட்டரியா?

வீட்டுத் தோட்டம், கிளை கவாத்து, எப்போதாவது விறகு என்றால் 12 அல்லது 14 இன்ச் பேட்டரி மிஷின் நல்ல தேர்வு. கயிறு இழுக்க வேண்டாம், பெட்ரோல் கலக்க வேண்டாம், சத்தம் குறைவு. சார்ஜ் தீர்ந்தால் வேலை நிற்கும் என்பது குறை. புயலுக்குப் பிறகு கரண்ட் வர ஒரு வாரம் ஆகும் ஊரில் இது பெரிய குறை.

பிளக்கில் சொருகும் எலெக்ட்ரிக் மிஷின் விலை குறைவு. ஆனால், வயர் எட்டும் தூரம்தான் எல்லை. ஈரத்தில் தொடவே கூடாது.

தோப்பு வேலைக்குப் பெட்ரோல்தான். பெரும்பாலானவை டூ ஸ்ட்ரோக் இன்ஜின். பெட்ரோலில் 2டி ஆயில் கலக்க வேண்டும். 50க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் லிட்டருக்கு 20 மி.லி., 25க்கு 1 என்றால் 40 மி.லி. கண் அளவில் ஊற்றாதீர்கள். ஆயில் இல்லாமல் ஓட்டினால் சில நிமிடங்களிலேயே இன்ஜின் பிடித்துக்கொள்ளும். இப்போது பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு எடுத்து வையுங்கள். ‘போன வருஷம் நல்லாத்தான் இருந்துச்சு, இப்ப ஸ்டார்ட் ஆகல’ என்ற புகாருக்குப் பெரும்பாலும் காரணம் டேங்கில் கிடந்த பழைய பெட்ரோல்தான்.

ஆன்லைனில் கிடைக்கும் ஒரு கை ‘மினி’ செயின் சா பற்றியும் ஒரு வார்த்தை. 4 அல்லது 6 இன்ச் பார்தான், பொம்மை மாதிரி இருக்கும். ஒரு கையில் மிஷின் இருந்தால் இன்னொரு கை கிளையைப் பிடிக்கப் போகும். வெட்டு விழுவது அந்தக் கையில்தான்.

ஆயிலும் கூரும்

செயின் சாவில் இரண்டு டேங்க் இருக்கும். ஒன்று பெட்ரோலுக்கு, இன்னொன்று செயின் ஆயிலுக்கு. புதிதாக வாங்குபவர்கள் மறப்பது இரண்டாவதைத்தான். ஆயில் இல்லாமல் ஓடினால் பார் நீலம் பாய்ந்து கருகும். பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் செயின் ஆயிலும் ஊற்றுவது நல்ல பழக்கம். ஆயில் வருகிறதா என்று பார்க்க, பாரின் முனையை ஓர் அட்டைக்கு மேலே, அதில் படாமல் பிடித்து வேகம் கொடுங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழ வேண்டும். வண்டியில் வடித்த பழைய ஆயிலை ஊற்றுவது நம் ஊர் வழக்கம். அதில் இருக்கும் இரும்புத் துகள் பாரையும் ஆயில் பம்ப்பையும் தின்றுவிடும்.

கூர் இருக்கிறதா என்பதை மரத்தூளே சொல்லும். செதில் செதிலாக வந்தால் கூர் இருக்கிறது. மாவு மாதிரி வந்தால் மழுங்கிவிட்டது. மழுங்கிய செயினை அழுத்தி ஓட்டுவதுதான் பாதி விபத்துக்கு வழி வைக்கிறது.

அரம் போடும்போது செயினுக்கு ஏற்ற உருண்டை அரம் வேண்டும். .325 பிட்ச் செயினுக்கு 4.8 மி.மீ., சின்ன மிஷின்களின் 3/8 லோ புரொஃபைல் செயினுக்கு 4 மி.மீ. பாருக்குச் சுமார் 30 டிகிரி சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ளும் திசையில் மட்டும், ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கையில் இரண்டு மூன்று இழுப்பு. ஒரு பக்கப் பற்கள் குட்டையாகிவிட்டால் மிஷின் நேராக அறுக்காமல் வளைந்து போகும்.

புதுச் செயின் வாங்கப் போனால் ‘16 இன்ச்’ என்று மட்டும் சொன்னால் போதாது. பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை மூன்றும் பொருந்த வேண்டும். பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருப்பார்கள். ஒரு போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சாலையோர மரத்திலும் வேலி மரத்திலும் இன்னொரு எதிரி இருக்கிறது. விளம்பரப் பலகைக்கு அடித்த ஆணி, முள்கம்பி. பட்டை வளர்ந்து மூடியிருக்கும். ஒரே ஆணி மொத்தச் செயினையும் வீணாக்கிவிடும்.

விழுந்த மரம் தூங்குகிற மரம் இல்லை

நிற்கிற மரத்தைவிட விழுந்து கிடக்கிற மரம் பாதுகாப்பானது என்று தோன்றும். அப்படியில்லை. வளைந்து மாட்டிக்கொண்ட கிளையும் தண்டும் இழுத்து வைத்த வில் மாதிரி. எந்தப் பக்கம் இறுகியிருக்கிறது, எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்க்காமல் அறுத்தால், ஒன்று பாரைக் கடித்துக்கொள்ளும், அல்லது வெட்டிய துண்டு சாட்டையாக வீசும்.

இரண்டு முனையும் முட்டுக் கொடுத்து நடுப்பகுதி தொங்கும் கட்டையில் மேல்பக்கம் இறுகியிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, மீதியைக் கீழிருந்து மேலாக முடிக்க வேண்டும். ஒரு முனை மட்டும் அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் கணக்கு தலைகீழ்: முதலில் கீழே மூன்றில் ஒரு பங்கு, பிறகு மேலிருந்து. பார் மாட்டிக்கொண்டால் முறுக்கி இழுக்காதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு மர ஆப்பை அடித்து வாயைத் திறந்து எடுங்கள்.

வேரோடு பெயர்ந்த மரத்தில் தண்டை அறுத்ததும், மண்ணோடு நிமிர்ந்து நிற்கும் வேர்த்தட்டு மறுபடி குழிக்குள் விழலாம். அந்தப் பக்கம் யாரும், முக்கியமாகக் குழந்தைகள், நிற்கவே கூடாது.

எதை நாமே செய்யக் கூடாது?

மின்கம்பியில் சாய்ந்த மரத்தைத் தொடாதீர்கள். ‘கரண்டுதான் இல்லையே’ என்று நம்ப வேண்டாம். யார் வீட்டு ஜெனரேட்டர் ஓடுகிறது என்பது தெரியாது. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. சென்னை மாநகராட்சி எல்லையில் விழுந்த மரங்களுக்கு 1913. வீட்டின் மேல் சாய்ந்த மரம், இன்னொரு மரத்தில் மாட்டித் தொங்கும் மரம், ஏறி அறுக்க வேண்டிய மரம் எல்லாமே பழகிய ஆட்களின் வேலை. அரசு நிலத்து மரம், சாலையோர மரம், மலைப்பகுதி மரம், சந்தனம் போன்றவற்றுக்கு அனுமதி வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

அப்பாவுக்கு என்ன சொல்வது?

நாலு தென்னையும் கொஞ்சம் கிளைகளும்தான் வேலை என்றால், 40 முதல் 45 சிசி வரையிலான, செயின் பிரேக் உள்ள, பக்கத்து டவுனில் சர்வீஸ் கிடைக்கும் மிஷின். 16 இன்ச் பார். பட்ஜெட்டில் மிச்சம் இருக்கும் பணத்தில் இன்னும் பெரிய மிஷின் தேடாமல் முகத்திரையும் காதுமூடியும் சேர்ந்த ஹெல்மெட், பூட்ஸ், கையுறை, பிறகு ‘சாப்ஸ்’ எனப்படும் கால் கவசம் வாங்குங்கள். அந்தக் கவசத்துக்குள் இருக்கும் நீளமான இழைகள் செயினில் சுற்றிக்கொண்டு அதை நிறுத்திவிடும். லுங்கி, தோளில் துண்டு, ரப்பர் செருப்பு எல்லாம் அன்றைக்கு வேண்டாம்.

பார்சல் வந்த அன்றே அப்பாவைத் தனியாக அறுக்கச் சொல்லாதீர்கள். லீவு போட்டு நீங்களும் போங்கள். மிஷின் பழகிய ஒருவரைக் கூப்பிட்டு, தரையில் கிடக்கும் சின்னக் கட்டையில் அரை நாள் பழகட்டும். எப்போதும் கூப்பிடு தூரத்தில் இன்னொருவர் இருக்கட்டும்.

வீட்டு மேல் சாய்ந்து நிற்கும் அந்த வேம்பு? அதற்கு பத்து நாள் காத்திருக்கலாம். ஆள் வரட்டும்.